முப்பத்தெட்டாம் பதிவு

அழிப்பதற்கு இன்னும் இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம் இருந்தது. ஆய்வகக் கதவில் எங்கள் பேராசிரியர் டாக்டர் ட்ரெலோர் ஒட்டியிருந்த தாளில் டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, நண்பகல் 12 என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தது நான்காம் தேதி திங்கட்கிழமை, நண்பகலில். கணக்குப் போட வேண்டும் என்று போடவில்லை. பதினொன்றை இருபத்து நான்கால் பெருக்குவது தானாக நடந்தது.

தாளில் மூன்று வரிகள்தான். 2003இல் எடுத்த தாய்–குழந்தை வீடியோக்களுக்குக் குடும்பங்கள் கொடுத்த இருபது வருட ஒப்புதல் முடிகிறது. குறிப்பிட்ட நேரத்தில் அவை நிரந்தரமாக நீக்கப்படும். மதிப்பெண் போடும் மாணவர்கள் அதற்குள் முடித்துவிடவும்.

"பன்னெண்டு மணிக்கா? சாப்பாட்டு நேரத்துலயா அழிப்பாங்க?" என்றாள் என்னோடு மதிப்பெண் போடும் ஒடெட், என் தோளுக்குப் பின்னால் நின்றபடி. "கறி அடைச்ச ஒரு பாஸ்டியக் கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால பட்டனத் தட்டுவாங்கபோல."

நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க எனக்குத் தெரியும்.

எங்கள் உளவியல் துறையின் ஆய்வகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளியே ஏரிக்காற்று பனியைத் தூக்கி அடித்தாலும் உள்ளே தெரியாது. மொத்தம் அறுபது பதிவுகள். ஒவ்வொன்றும் இருபத்தோரு நிமிடம். ஒரு அறை, தரையில் பொம்மைகள், இரண்டு நாற்காலிகள். ஒரு வயதுக் குழந்தையோடு தாய் வருகிறாள். பிறகு முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து உட்காருகிறாள். தாய் எழுந்து வெளியே போகிறாள். மூன்று நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறாள். அவள் கதவைத் திறந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதற்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் ஏழு. ஏறிட்டும் பார்க்காவிட்டால் ஒன்று.

இளங்கலைக் கடைசி வருடத்தில் நான் எழுதும் தீசிஸ் இந்த அறுபது எண்களின்மேல் நிற்கிறது. நான் போட்டால் மட்டும் போதாது. ஒடெட்டும் தனியாக உட்கார்ந்து அதே அறுபதுக்கும் போட வேண்டும். இரண்டு பேருடைய எண்களும் ஒத்துப்போனால்தான் அது அளவீடு. இல்லையென்றால் அது என் அபிப்பிராயம்.

இதற்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. கணினிப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, 'இதில் இருப்பவரை எனக்குத் தெரியும்' அல்லது 'தெரியாது' என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். ஊர் சிறியது. இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே குழந்தை பெற்றவர்களில் பாதிப் பேர் இன்னும் இங்கேயேதான் பெட்ரோல் போடுகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். தெரியும் என்று போட்டால் அந்தப் பதிவு உங்கள் பட்டியலிலிருந்து போய்விடும். பிறகு உங்களுக்குத் திறக்காது. வேறொருவர் போடுவார்.

செப்டம்பரில் பன்னிரண்டாம் பதிவைத் திறந்தபோது ஒடெட் கத்தினாள்.

"ஐயோ, எங்க பல் டாக்டர்டி! பத்து வருஷமா என் வாய்க்குள்ள கைய விட்ட பொம்பள! இங்க பாரேன், பாப்பாவ வெச்சுக்கிட்டு எப்படிப் பாடறான்னு! எங்கிட்ட ஒரு நாள் பாடினதில்ல."

உடனே தெரியும் என்று குறி போட்டாள். பன்னிரண்டை டாக்டர் ட்ரெலோரே போட்டார். அவ்வளவுதான் விஷயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முப்பத்தெட்டாம் பதிவை நான் முதலில் திறந்தது அக்டோபர் மூன்றாம் தேதி. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு, நீல நிறக் கம்பளிக் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள். அந்தக் கோட்டு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மாவின் புகைப்படங்கள் பதினான்கு இருக்கின்றன. ஐந்தில் அந்தக் கோட்டு இருக்கிறது. நான் நம்பவில்லை. ஒரே கடையில் ஒரே கோட்டை நூறு பேர் வாங்கியிருக்கலாம். பிறகு அவள் குனிந்து குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"முரு," என்றாள். "இங்க பாரு, முரு. லாரி."

முரு என்றால் பின்னிஷ் மொழியில் ரொட்டித் துணுக்கு. எங்கள் ஆட்கள் குழந்தைகளைக் கொஞ்சும் சொல். ஒரு புகைப்படத்தின் பின்புறம் அம்மாவின் கையெழுத்தில் 'முரு, ஒரு வயது' என்று இருக்கிறது. அந்தப் புகைப்படத்தில் இருப்பது நான்.

எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். ரத்தப் புற்றுநோய். எங்கள் வீட்டில் வீடியோ கேமரா இருந்ததில்லை. புகைப்படத்தில் அம்மா நடப்பதில்லை. முழங்கையைச் சொறிவதில்லை. இருமுவதில்லை. உட்கார்ந்தபடி செருப்பின் நுனியால் தரையில் தாளம் போடுவதில்லை. முப்பத்தெட்டில் இவை எல்லாவற்றையும் செய்தாள். அந்தத் தெரியாத பெண் ஏதோ சொன்னதற்கு மேலுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் அப்படித்தான் சிரிக்கிறேன் என்று பள்ளியில் கேலி செய்வார்கள். யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது.

பதிவை நிறுத்தினேன். தாளை எடுத்தேன். பேனா கையில் இருந்தது. தெரியும் என்று போட்டால் திறக்காது.

தெரியாது என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அன்றிலிருந்து ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த மூன்று மணி முதல் நான்கு மணி வரையான நேரத்தில் முதல் இருபத்தோரு நிமிடம் அம்மாவுக்கு. மீதி நேரம் வேலைக்கு. டிசம்பர் நான்காம் தேதிவரை நாற்பத்தொரு தடவை பார்த்திருந்தேன். கைபேசியை வெளியே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எடுத்துக்கொண்டு போக வழியில்லை. எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

முப்பத்தெட்டுக்கு நான் போட்ட மதிப்பெண் ஆறு.

*

செவ்வாயும் வியாழனும் மதியம் துறை வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு வழி சொல்லும் மேசை. கூச்ச சுபாவம் போகும் என்று டாக்டர் ட்ரெலோர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். கூச்சம் போகவில்லை. ஆனால் ஒரே பதிலை நூறு தடவை சொல்வது பேச்சில் சேராது என்று கண்டுகொண்டேன்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதே, இரண்டாம் வருடத்திலேயே எடு. ஆய்வகத்தில் சேர மின்னஞ்சல் அனுப்பும் முன் அந்தப் பேராசிரியர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது படி. முதுகலைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்னால் கேள். 'எழுதித் தருவீர்களா' என்று கேட்காதே. 'நல்லபடியாக எழுத முடியுமா' என்று கேள். தயங்கினால் வேறு ஆளைப் பார்.

அந்தச் செவ்வாய் வந்தவள் டெலேனி. மூன்றாம் வருடம். பனி அப்பிய காலணிகளோடு வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள்.

"விண்ணப்பத்துல நம்மளப் பத்தி ரெண்டு பக்கம் எழுதணும்ல. அதுக்கு இப்பவே ஒண்ணு எழுதிப் பாத்தேன். படிக்கிறீங்களா?"

படித்தேன். முதல் வரியிலேயே அவளுடைய அண்ணன் மாத்திரைகளுக்கு அடிமையானது இருந்தது. நன்றாக எழுதியிருந்தாள்.

"இத எடுத்துடு," என்றேன்.

"எதை?"

"அண்ணன."

"அண்ணன எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"என்ன ஆராய்ச்சி செய்யணும், எந்த முறையில, யார்கிட்ட. அதான் பாப்பாங்க. சொந்தக் கதை எழுதினா, இந்தப் பொண்ணு தன்னைச் சரிபண்ணிக்க வருதுன்னு நெனைச்சு ஓரமா வெச்சுருவாங்க."

"அது அநியாயம் இல்லயா?"

"இருக்கலாம்."

டெலேனி தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "சரி, நேர்காணல்ல கேப்பாங்கள்ல, ஏன் இந்தப் படிப்புக்கு வந்தேன்னு. அப்ப?"

"ஆராய்ச்சி ஆர்வம்னு சொல்லு."

"நீங்க இந்த வருஷம் விண்ணப்பம் போடறீங்கள்ல? நீங்க என்ன எழுதினீங்க?"

"அதான்."

"வெறும் ஆர்வமா?" அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஒரு வயசுப் புள்ளைங்க கதவப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுல உங்களுக்கு அப்படி என்ன ஆர்வம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் மேசையிலிருந்த பாடத்திட்டத் தாள்களை அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது அவள் போயிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை சிற்றுண்டிச் சாலையில் ஒடெட் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் பாக்கி.

"அம்பத்தொம்பதுல அம்பத்தெட்டு பதிவு ஒட்டி ஒட்டி இருக்கு. நீ அஞ்சு நான் அஞ்சு, நீ மூணு நான் நாலு. நம்ம ரெண்டு பேரையும் கட்டிக் கொடுத்துறலாம்போல. இந்த ஒரு எழவு முப்பத்தெட்டு மட்டும் என்னடி? நீ ஆறு, நான் ரெண்டு."

"பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டா சும்மா இருக்க? நாலு பாயிண்ட் வித்தியாசம்! அந்த முரு என்ன பண்ணுச்சுன்னு ஆறு போட்ட?"

அந்தப் பெயரை வேறொருவர் வாயில் கேட்பது அதுதான் முதல் தடவை. ஒடெட் அதைக் குழந்தையின் பெயர் என்றே நினைத்திருந்தாள்.

"அம்மா வந்ததும் முன்னால சாயுது," என்றேன்.

"சாயுதா? தும்முதுடி! தும்மும்போது எல்லாருந்தான் சாய்வாங்க. எங்க தாத்தா தும்மினா நாற்காலியோட சாய்வாரு. அவருக்கு என்ன, ஆறு போடுவியா?"

"கை கொஞ்சம் நீளுது."

"லாரிய எடுக்க நீளுது." அவள் பாஸ்டியைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். மென்று முடிக்கும்வரை பார்த்தாள். "கைசா, நீ எப்பவும் இப்படிப் பண்ற ஆளு இல்லயே. நான் அஞ்சு போட்டா, இல்ல மூணுதான்னு நொடி எண்ணிக் காமிக்கற ஆளு. தூங்கிட்டே போட்டியா?"

"இருக்கும்."

"அப்ப மாத்திடு. ரெண்டுன்னு போடு. ஒரு நொடி வேலை."

ஒரு நொடி வேலைதான். அன்று மாலை ஆய்வகத்தில் எண் இருந்த கட்டத்தைத் திறந்து ஆறை அழித்தேன். கட்டம் காலியாக இருந்தது. இரண்டு என்று தட்ட வேண்டும். ஒரு குழந்தை பதினான்கு மாத வயதில், அந்நியமான ஒரு அறையில், பதினைந்து நொடியில் செய்வது எதையும் நிரூபிக்காது. தூக்கமாக இருந்திருக்கலாம், பல் முளைத்துக்கொண்டிருந்திருக்கலாம். டெலேனி போன்றவர்களுக்கு இதை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். விரல் எழும்பவில்லை. மறுபடியும் ஆறு என்று போட்டேன்.

*

சனிக்கிழமை சாயங்காலம் சவுனா நீராவிக் குளியலிலிருந்து அப்பா முகம் சிவந்து வந்து சமையலறையில் உட்கார்ந்தார். நான் நிசு ரொட்டியை வெட்டி, காபி ஊற்றினேன். அப்பா கவுண்டி நிர்வாகத்தின் பனி அகற்றும் வண்டியை ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். எனக்குக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

"அப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

அவர் ரொட்டியைக் காபியில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் தேடி எடுத்தார்.

"ஏன்?"

"சும்மா."

"சாதாரணமா இருக்கும்."

அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். அவராகவே சொன்னார்.

"ஆன்சரிங் மெஷின்ல இருந்துச்சு. 'நாங்க வீட்ல இல்ல, பேர் சொல்லுங்க'ன்னு. அவ போனப்புறம் நான் வெளிய இருந்து வீட்டுக்குப் போன் போடுவேன். நீ அப்ப சின்னவ. ஒரு நாள் புயல்ல கரண்டு போச்சு, வந்தப்ப மெஷின் காலி." கரண்டியைக் கீழே வைத்தார். "இப்ப ரெண்டு மூணு வருஷமா தேடிப் பாக்கறேன். வண்டி ஓட்டும்போது. என்ன சொல்லுவான்னு எல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்ற குரல்தான் வர மாட்டேங்குது. முகத்துக்குப் போட்டோ இருக்கு. அதுக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு அவள் குரல் தெரியும். கொஞ்சம் கரகரப்பு. வாக்கியத்தின் கடைசியில் மேலே ஏறும். நேற்றுதான் கேட்டேன். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் குரல் என் காதிலும் அவர் காதில் இல்லாமலும் இருக்க, காபியைக் குடித்தேன்.

"ஏன் கேட்ட?" என்றார்.

"சும்மாதான்ப்பா."

*

திங்கட்கிழமை, தொண்ணூற்றாறு மணி நேரம் இருக்கும்போது, அலமாரியிலிருந்து 2003இன் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படித்தேன். தீசிஸின் பின்னிணைப்பில் சேர்க்க அது தேவைப்பட்டது. நான்காம் பத்தியில் இருந்தது: பதிவு அழிக்கப்படும்வரை, பங்கேற்ற குடும்பத்தினர் ஆய்வுத் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டு ஒரு நகல் பெற்றுக்கொள்ளலாம்.

ஆய்வுத் தலைவர் இப்போது டாக்டர் ட்ரெலோர்.

ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் நகல் கேட்பவரின் பெயரில் லெஹ்டோ என்ற எங்கள் குடும்பப் பெயர் இருக்கும். அப்பாவை எழுத வைத்தாலும் அதே பெயர்தான். டாக்டர் ட்ரெலோர் குறி போட்ட தாளை எடுத்துப் பார்ப்பார். முப்பத்தெட்டுக்கு நேரே தெரியாது என்று என் கையால் போட்டிருப்பது இருக்கும். ஒரு இடத்தில் பொய் சொன்னவள் போட்ட மற்ற ஐம்பத்தொன்பதையும் யார் நம்புவார்கள்? தீசிஸ் போகும். முதுகலைக்கு ஆறு பல்கலைக்கழகங்களுக்குப் போட்டிருந்தேன். ஆறுக்கும் அவருடைய கடிதம்தான் முதல் கடிதம். அதற்கும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அவர் கடிதத்தை வியாழன் மாலை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு திட்டம் போட்டேன். வியாழன் கடிதம் போய்விடும். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு நகல் கேட்பேன். அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்குவது யாருக்கும் சிரமம். அவருக்குக் கோபம் வரட்டும். மூன்று மணி நேரம் இருக்கும், நகல் எடுக்க அது போதும்.

சுத்தமான திட்டம். மூன்று நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓட்டை தெரியவில்லை.

புதன்கிழமை அவரிடமிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'முப்பத்தெட்டில் உங்கள் எண்கள் ஒத்துவரவில்லை. நாளை மூன்று மணிக்கு என் அறையில் மூவரும் சேர்ந்து பார்ப்போம். அழிந்த பிறகு சரிபார்க்க முடியாது.'

ஒடெட் உடனே போன் செய்தாள்.

"ஏய், மாத்தலியா நீ?"

"இல்ல."

"ஏண்டி?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"சரி, விடு. உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கல. கேட்டாலும் சொல்ல மாட்ட, ஊமைக் கொட்டான். நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துக்கற?"

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன்."

*

வியாழன் மூன்று மணி. இருபத்தொரு மணி நேரம்.

டாக்டர் ட்ரெலோரின் அறையில் ஜன்னல் உண்டு. ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவருக்கு ஜலதோஷம். மேசையில் பாதி குடித்த தேநீரும் கசக்கிய காகிதங்களும்.

"கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும். உக்காருங்க. கைசா, அந்த நாற்காலியில பனித்தொப்பி இருக்கு, எடுத்துக் கீழ போடு." மூக்கைச் சிந்தினார். "உன் கடிதத்த முடிச்சிட்டேன். ஒரு வரிதான் பாக்கி. 'இவள் போட்ட எண்ணை நான் மறுபடி பார்க்க வேண்டிய தேவை வந்ததே இல்லை.' இத எழுதணும்னு ஆசையா இருக்கு. நாலு வருஷத்துல யாருக்கும் எழுதினதில்ல. இந்தச் சனியன முடிச்சிட்டம்னா, எழுதி அஞ்சு மணிக்குள்ள ஆறு இடத்துக்கும் அனுப்பிருவேன்."

"சரி, டாக்டர்," என்றேன்.

"முறை தெரியும்ல? பாக்கும்போது பேச்சு கிடையாது. முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு எண். அப்புறம்தான் ஏன் எதுக்குங்கறதெல்லாம்."

திரையைத் திருப்பினார். தாய் வெளியே போன இடத்திலிருந்து ஓட விட்டார்.

இதுவரை நான் இதைத் தனியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆய்வகக் கணினியில், காதில் ஹெட்போனோடு. இங்கே பெரிய திரை. ஒலி அறை முழுக்க வந்தது.

நாற்காலியின் முதுகில் நீலக் கோட்டு. தெரியாத பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை தரையில். கொஞ்சம் அழுதது, நிறுத்தியது. கதவைப் பார்த்தது. பிறகு மர லாரியை எடுத்து முன்னும் பின்னும் உருட்ட ஆரம்பித்தது.

கதவு திறந்தது.

அம்மா வந்தாள். வேகமாக வந்தாள். வெளியே நின்ற மூன்று நிமிடமும் கதவுப் பிடியிலேயே கை வைத்திருந்தவள் மாதிரி வந்தாள். இரண்டடி உள்ளே வந்து முழங்காலில் உட்கார்ந்தாள்.

"முரு," என்றாள். "வந்துட்டேன், முரு."

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தது. தும்மியது. லாரியின் பக்கம் திரும்பியது.

அம்மா கைகளை இறக்கவில்லை. திரையின் ஓரத்தில் நொடிகள் ஓடின. ஐந்து. எட்டு. பதினொன்று. பதிமூன்றாவது நொடியில் கைகளை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தத் தெரியாத பெண்ணைப் பார்த்து, மேலுதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள். மன்னிப்புக் கேட்பதுபோன்ற சிரிப்பு.

ஏறக்குறைய ஐம்பது தடவை பார்த்திருந்த எனக்கு, அந்தச் சிரிப்பை அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் பதிவை நிறுத்தி, தும்மிய இடத்துக்குப் போய், குழந்தை சாய்கிறதா என்று தேடியிருக்கிறேன்.

டாக்டர் ட்ரெலோர் நிறுத்தினார். மேசைக்கு அடியில் ஒடெட் தன் காலணியால் என் காலணியை ஒரு இடி இடித்தாள்.

"ஒடெட்?"

"அஞ்சு, டாக்டர்," என்றாள் ஒடெட்.

டாக்டர் ட்ரெலோர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "ரெண்டுன்னுல்ல போட்டிருக்க?"

"அப்ப அவசரத்துல போட்டுட்டேன். இப்பப் பெரிசாப் பாத்தா... சாயுது, டாக்டர். கையும் கொஞ்சம் நீளுது."

அவளுடைய காது சிவந்திருந்தது. ஒடெட்டுக்குப் பொய் சொல்ல வராது. பல் டாக்டரைக் கண்டதும் கத்தியவள் அவள்.

"எனக்கு ஒண்ணும் சாயற மாதிரி தெரியல," என்றார் டாக்டர் ட்ரெலோர். ஒரு காகிதத்தை எடுத்து மூக்கைத் துடைத்தார். "ஆனா நான் காய்ச்சல்ல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னா அதான் எண். கைசா, உன்னோடது ஆறு. அதான் இப்பவும்?"

ஆறு என்றால் போதும். ஐந்தும் ஆறும் ஒத்துப்போகும். கடிதத்தில் அந்த வரி ஏறும். நாளை ஒன்பது மணிக்கு நகல் கேட்கலாம். திட்டத்தில் எந்த இடமும் கெடவில்லை.

திரையில் அம்மா நின்றுபோயிருந்தாள், முழங்காலில், மடியில் கைகளோடு.

"இல்ல, டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்ல. ரெண்டு."

"ரெண்டா?"

"ஒடெட் மொதல்ல போட்டதுதான் சரி. அவ எனக்காகத்தான் மாத்திச் சொல்றா. ஏன்னு அவளுக்கே தெரியாது."

ஒடெட் என் பக்கம் திரும்பினாள். டாக்டர் ட்ரெலோர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "தெளிவாச் சொல்லும்மா. ரெண்டுன்னு தெரிஞ்சும் எதுக்கு ஆறு போட்ட?"

"அந்தத் தாள்ல தெரியாதுன்னு குறி போட்டேன். அது பொய், டாக்டர். இது எங்கம்மா. செத்துட்டாங்க. எங்கப்பாவுக்கு அவங்க குரல் மறந்துபோச்சு, எனக்கு இந்தப் பதிவு வேணும். முரு நான்தான்." நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அவங்க ரெண்டு கையும் நீட்டினாங்க. பதிமூணு நொடி நீட்டினாங்க. நான் போகல."